மீன் பெட்டிக்கு அளவு எழுதிய நோட்டு

பாப்பாவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நான் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுவேன், சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிடும். எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். உன் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். எடுக்கும்போது படிப்பார் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். அவருக்குத் தெரியாதது இதில் கொஞ்சம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாளைமீன் குழம்பு வைத்திருந்தேன். நீ வந்தால் இரண்டாம் தடவை சோறு கேட்கும் குழம்பு அது. அன்று நீ பிசைந்ததோடு சரி. "என்னடி, உப்பு கூடிப்போச்சா?" என்றேன். "இல்லம்மா. நான் தப்பு பண்ணிட்டேனான்னு தெரியல" என்றாய். முப்பது வயதுப் பெண் தட்டைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொன்னபோது எனக்குக் கல்யாண விஷயமோ என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு நீ சொன்னதைக் கேட்டதும், கல்யாண விஷயமாக இருந்திருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் நீ சொன்ன தப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த தப்பு.

உன் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். கரண்டில் ஓடும் ஆட்டோ இருக்கிறதே, ஒரு கம்பெனி ஆட்டோவின் பிளக் இன்னொரு கம்பெனியின் சார்ஜரில் நுழையாது. ஆட்டோக்காரர் நடுவழியில் நிற்பார். எல்லோருக்கும் ஒரே பிளக், ஒரே அளவு, பிளக் கழலாமல் பிடிக்க ஒரே பூட்டு என்று கொண்டுவர எல்லாக் கம்பெனி இன்ஜினீயர்களும் ஒரு குழுவாக உட்காருகிறார்கள். அந்தக் குழுவுக்கு என் மகள்தான் செயலாளர், அவள் எழுதும் மினிட்ஸ்தான், அதாவது கூட்டக் குறிப்புதான், செல்லும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருகிறது என்று உன் அப்பா கேலி செய்வார்.

போன தைப் பொங்கலுக்கு வந்தபோது, நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு பக்கக் காகிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினாய். ஒவ்வொரு கூட்டமும் தொடங்கும்போது நீ எல்லோருக்கும் வாசிக்க வேண்டிய காகிதம். "எதிரெதிர்க் கடைக்காரங்க ஒண்ணா உட்காரலாமாடி? அது கூட்டு சேர்றதாகாதா?" என்று நான் கேட்டேன். "அளவு பேச உட்காரலாம்மா. சட்டமே அதுக்கு எடம் குடுக்குது, ஜனங்களுக்கு நல்லதுங்கிறதால. ஆனா விலை பேசக் கூடாது. யார் எந்த ஊர்ல விக்கிறதுன்னு பங்கு போடக் கூடாது. ஒருத்தர வெளிய தள்ளணும்னு பேசக் கூடாது. நாம கொண்டுவர்ற பொருளுக்கு நம்மகிட்டயே காப்புரிமை இருந்தா, அளவு முடிவாகிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்" என்றாய். அப்படிப் பேச்சு வந்தால்? "மறுப்புச் சொல்லணும். நிறுத்தலைன்னா எழுந்து போயிடணும். எழுந்து போனதை எழுதச் சொல்லணும். வக்கீல்கிட்ட சொல்லணும்." கூட்டத்தில் மட்டுமா என்று கேட்டேன். "கூட்டத்துலயும், எடவேளையிலயும், சாப்பாட்டுலயும், ஓட்டல் வராந்தாவுலயும்" என்று நீ ராகம் போட்டுச் சொன்னாய். இரண்டு பேரும் சிரித்தோம். அன்று சாயங்காலமே அதை என் பாஷையில் நோட்டில் எழுதிவைத்தேன். எட்டாவதோடு நின்றவள் நான். மீன் சுற்றி வரும் பேப்பரைக் காயவைத்துப் படித்துப் படித்துத்தான் மிச்சத்தைக் கற்றுக்கொண்டேன். காதில் விழுவது கையால் எழுதினால்தான் எனக்கு உள்ளே இறங்கும்.

அன்று அதை எழுதும்போதே என் கை ஒரு இடத்தில் நின்றது. உன்னிடம் சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை மறுபடி எழுதுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீ பார்த்துக்கொள். மூன்று பெரிய கம்பெனிகள், ஒரு சின்னக் கம்பெனி. சின்னது கோயம்புத்தூரில் ஒருவர் பத்து இருபது பேரை வைத்து நடத்துவது. அவருடைய பூட்டு சோதனையில் தேறிவிட்டது, மற்றவர்களுடையதைவிட மலிவு. மத்தியானச் சாப்பாட்டில் அவர் போன் பேச வெளியே போயிருந்தபோது பெரிய கம்பெனிக்காரர்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டார்கள்: இவருடைய பூட்டை இன்னொரு சோதனைக்கு அனுப்புவோம், அது முடிந்து வருவதற்குள் நாம் நம் பூட்டை விற்பனைக்கு இறக்கிவிடலாம், முதல் இரண்டு வருஷம் யாரும் இந்த விலைக்குக் கீழே போக வேண்டாம். நீ அதே மேசையில், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, காலையில் நடந்ததை எழுதிக்கொண்டிருந்தாய். அவர்களில் வயதானவர், உன்னிடம் எப்போதும் "அம்மா எப்படி இருக்காங்க" என்று விசாரிப்பவர், "இதெல்லாம் சாப்பாட்டுப் பேச்சும்மா, மினிட்ஸுக்கு வேணாம்" என்று சொல்லிச் சிரித்தார். நீயும் சிரித்து லேப்டாப்பை மூடினாய். மத்தியானக் கூட்டத்தில் "பூட்டுக்கு மேலும் ஒரு சோதனை தேவை" என்று முடிவானது. நீ அதை மட்டும் எழுதினாய். வியாழக்கிழமை அந்த மினிட்ஸை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், நீ கையெழுத்துப் போட வேண்டும்.

உன் அப்பா, "சாப்பிடுற எடத்துல பேசுனதெல்லாம் எழுதுனா எவன் சாப்பிட வருவான்? விடு பாப்பா" என்றார். நீ பாதி சிரித்தாய். நான் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அம்மா ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று நீ பஸ் ஏறும்போதுகூட என் முகத்தைப் பார்த்தாய். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்தாயே, அதற்கு முந்தின மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில் ஏறி, நம் கருக்களாச்சேரி முழுக்க வலை பின்னுகிறவர்களும் தாயம் ஆடுகிறவர்களுமாக இருந்த நேரம். அப்பா அப்போது மீன் ஏலம் எடுத்து லாரியில் அனுப்பிக்கொண்டிருந்தார். அவரோடு சேர்த்து ஆறு வியாபாரிகள். ஒருவர் மூங்கில் கூடையில் வாங்குவார், ஒருவர் தெர்மகோல் பெட்டி, ஒருவர் பழைய பிளாஸ்டிக் டப்பா. கூடையில் கோபுரமாக அள்ளிப் போட்டால் ஒரு கணக்கு, மட்டமாகப் போட்டால் ஒரு கணக்கு. தினமும் கரையில் சண்டை. லாரியில் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது, அடியில் இருப்பது நசுங்கும், ஐஸ் தண்ணீர் வடியாமல் மீன் வெளுத்துப்போகும். எல்லோருக்கும் ஒரே பெட்டி வைத்துவிடுவோம் என்று மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வியாபாரிகள், போட்டுக்காரர்கள், கூடைக்காரப் பெண்கள், எல்லோரும். என் கையெழுத்து நன்றாக இருக்கும், நான் எழுதினால் ஒரு வரி விட்டுப்போகாது என்று பேர். என்னை எழுத உட்கார வைத்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. ஒரு புது நோட்டு வாங்கி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, தையல் டேப்பையும் கையோடு கொண்டுபோனேன்.

நல்ல கூட்டம் அது, பாப்பா. அதைச் சொல்லாவிட்டால் இன்னொரு பொய்யாகிவிடும். காலையிலிருந்து பேசினார்கள். நீளம் இரண்டடி, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்று. மட்டமாகத்தான் நிரப்ப வேண்டும், விளிம்புக்கு மேல் போகக் கூடாது. மீனுக்குச் சமமாக ஐஸ். தண்ணீர் வடிய ஓட்டை எங்கே என்பதில்தான் இழுபறி. எல்லோரும் அடியில் என்றார்கள். கோட்டுச்சேரிமேட்டு அஞ்சலை அக்காதான் எழுந்து, "அடியில ஓட்டை போட்டு ஒண்ணுமேல ஒண்ணு அடுக்குனா மேல உள்ள தண்ணி கீழ உள்ள மீன்லதானய்யா விழும்? ஒங்க பொண்டாட்டிங்கள கேட்டுட்டு வந்திருக்கலாம்ல" என்றாள். மண்டபமே சிரித்தது. பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு விரல் மேலே ஓட்டை என்று முடிவாயிற்று. நான் டேப் வைத்து அளந்து படம் போட்டேன். இன்றைக்கும் துறைமுகத்தில் போய்ப் பார், பெட்டியில் ஓட்டை பக்கவாட்டில்தான் இருக்கும். அது அஞ்சலை அக்காவின் ஓட்டை.

அஞ்சலை அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். உன் காதைக் குத்தும்போது உன்னை மடியில் வைத்திருந்தவள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தபின் அவர் விட்டுப்போன ஃபைபர் போட்டை விற்காமல், தம்பியையும் கூலிக்கு இரண்டு பேரையும் ஏற்றி அனுப்பி, மீனைத் தானே கரையில் நின்று விற்றவள். ஆண்கள் ஏலத்தில் குரலை உயர்த்தினால் அவள் ஒரு படி மேலே உயர்த்துவாள். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லை. அவளைத்தான் அக்கா என்பேன்.

சுண்டல் கொடுத்தார்கள். போட்டுக்காரர்களும் பெண்களும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வியாபாரிகள் ஆறு பேர் மட்டும் இருந்தார்கள். நான் படத்துக்குக் கோடு போட்டு முடிக்க உட்கார்ந்திருந்தேன். நீ பெரியப்பா என்று கூப்பிடுவாயே, அவர்தான் ஆறு பேரில் பெரியவர். அவர் சொன்னார், "பொட்டி ஒண்ணாயிடுச்சு. அப்ப பொட்டிக்கு விலையும் ஒண்ணாயிடலாம்ல? நமக்குள்ள ஏத்தி ஏத்திக் கேட்டு அடிச்சுக்கிட்டா வெளியூர்க்காரன்தான் சிரிப்பான்." சங்கராவுக்கு இவ்வளவு, மத்திக்கு இவ்வளவு, அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. இந்தப் பெட்டி இல்லாமல் வரும் மீனை யாரும் ஏலம் கேட்கக் கூடாது. பெட்டியை அவர் மச்சான் பட்டறையில்தான் வாங்க வேண்டும். அச்சு அங்கே ஏற்கனவே செய்தாகிவிட்டது. காலையிலிருந்து அத்தனை பேர் அளவு பேசினோமே, அச்சு இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓட்டைக்கு மட்டும்தான் அச்சைத் திருத்த வேண்டியிருந்ததாம். அதற்காக அஞ்சலையைச் செல்லமாகத் திட்டினார்.

நான் எழுத ஆரம்பித்திருந்தேன், பாப்பா. பழக்கம், யார் பேசினாலும் கை ஓடும். அவர் பார்த்தார். "தங்கச்சி, பேனாவ மூடும்மா. இது சாமி முன்னாடி பேசுறது" என்றார். கற்பூரம் ஏற்றினார்கள். ஆறு பேரும் அதன்மேல் கையடித்துச் சத்தியம் செய்தார்கள், உன் அப்பாவும். நம் பக்கத்தில் வழக்கம் உனக்குத் தெரியும். அம்மன் முன்னால் கற்பூரத்தில் அடித்த சத்தியத்தை எழுதுவதில்லை, வெளியே சொல்வதில்லை. எழுதினால் மனுஷன் கணக்காகிவிடும், எழுதாவிட்டால் சாமி கணக்கு. நான் பேனாவை மூடினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமி முன்னால் செய்வது தப்பாக இருக்காது என்று நினைத்தேன். என் மாதிரி பக்தி உள்ளவள்தான் இப்படிச் சுலபமாக ஏமாறுவாள். அம்மனிடம் அவர்கள் உத்தரவு கேட்கவில்லை. கதவைச் சாத்துவதற்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டியிருந்தது, அதற்கு அவளை வைத்துக்கொண்டார்கள். இது புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கேட்காமலே தன் வேனை அனுப்பியவர் அந்தப் பெரியப்பா. அதற்கு முந்தின வருஷம் ஆறு பேருமே வியாபாரத்தில் அடிபட்டிருந்தார்கள், ஒருவர் வீட்டை அடமானம் வைத்திருந்தார். பயந்துபோன மனிதர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இப்படித்தான் பேச்சு போகும். உன்னிடம் என்னை விசாரிக்கும் அந்த வயதானவருக்கும் மேலே ஒருவர் இருப்பார், இந்த வருஷம் இவ்வளவு விற்றாக வேண்டும் என்று நெருக்குவார். அவரை வெறுத்துவிடாதே. வெறுத்தால்தான் எழுத முடியும் என்று நினைத்துக்கொள்ளவும் செய்யாதே. கெட்டவன் சொன்னால் பேனா தானாக எழுதிவிடும். நல்லவர் சிரித்துக்கொண்டே சொல்லும்போதுதான் அது மூடிக்கொள்கிறது. பெரியப்பா இப்போது இல்லை. இல்லாதவர்மேல் பழி போட இதை எழுதவில்லை. நான் இருக்கிறேன்.

தடைக்காலம் முடிந்து போட்டு இறங்கிய முதல் வாரம். மச்சான் பட்டறைப் பெட்டி விலை அதிகம் என்று அஞ்சலை அக்கா வாங்கவில்லை. போட்டுக்கு ஃபைபர் ஒட்டுகிறவரிடம் சொல்லி, நோட்டில் இருந்த அதே அளவுக்கு, அதே ஓட்டையோடு, தானே பெட்டி செய்துகொண்டாள். அளவு ஊருக்குப் பொதுதானே, யார் செய்தால் என்ன என்று நினைத்தாள். நியாயம்தானே. கரையில் அவள் பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு நின்றாள். நல்ல சங்கரா. ஆறு பேரும் பார்த்துவிட்டு அடுத்த போட்டுக்குப் போனார்கள். "என்னய்யா, மீனு கண்ணுக்குத் தெரியலியா?" என்று கூப்பிட்டாள். "இன்னிக்கி வேணாம்க்கா" என்றார் ஒருவர். வெயில் ஏறியது. கடைசியில் கோழித்தீவனத்துக்கு வாங்குகிறவனுக்குத் தள்ளிவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். அந்த மாசம் முழுக்க அப்படித்தான்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். நான் வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். "ஏம்மா, நீதானே எழுதுன. நான் போனப்பறம் ஏதாச்சும் பேசுனாங்களா? நோட்டுல என்ன இருக்குன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டேன்" என்றாள். நான் நோட்டை எடுத்து, அவள் முன்னால் விரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். நீளம், அகலம், உயரம், ஓட்டை. "வேற ஒண்ணும் இல்லையேக்கா நோட்டுல" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன்மேலேயே சந்தேகப்பட்டாள். தன் கை ராசியில்லை, புருஷன் போன போட்டை ஓட்டியது அம்மனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள். அடுத்த மூன்று ஆடிக்கும் தீச்சட்டி எடுத்தாள். அப்புறம் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டாள். இடுப்பு வரை இருந்த முடி. அதே கோயில், அதே அம்மன். கூட யார் போனது? நான்தான். அவள் மாற்றுப்புடவைப் பையைப் பிடித்துக்கொண்டு நாவிதர் பக்கத்தில் நின்றேன். முடி விழ விழப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் போட்டை விற்றாள். இப்போது கோட்டுச்சேரி மார்க்கெட்டில் கருவாடு விற்கிறாள்.

அந்த மூன்று வருஷம் நம் வீட்டுக்கு நல்ல வருஷம். உன் காலேஜ் அதில்தான் நடந்தது. இதை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். தாண்டினால் மறுபடி பேனாவை மூடினது போல ஆகிவிடும். உன்மேல் பாரம் ஏற்ற இதைச் சொல்லவில்லை, உனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஏற்பாடு அப்புறம் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்து உடைந்துபோனது. பெட்டி மட்டும் நின்றது.

நேற்றுத் திங்கட்கிழமை, நோட்டை எடுத்துக்கொண்டு கோட்டுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். உன் அப்பா வாசல்வரை வந்து, "சத்தியம் பண்ணினது நான். அத நீ போயி ஒடைக்கிற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க பண்ணின சத்தியம் ஒங்களோட இருக்கட்டுங்க. நான் கற்பூரத்துல அடிக்கல, பேனாவதான் மூடினேன். அத தொறக்கப் போறேன்" என்றேன். "நான் வந்தா அவ பேச மாட்டா. நீ போயிட்டு வா" என்றார். பஸ் வரும்வரை என்னோடு நின்றார்.

மத்தியானம், மார்க்கெட் ஓய்ந்த நேரம். அஞ்சலை அக்கா நெத்திலிக் கருவாட்டைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது, முடி அதற்கப்புறம் தோளுக்குக் கீழே வளரவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூறு கட்டுகிற கை நின்றுவிட்டது. முடித்ததும் கேட்டாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா?" "தெரியலக்கா." "நாகப்பட்டினத்துக்குக் கொண்டு போயிருப்பேன். அங்க ஏலம் கேக்க ஆளா இல்ல? என் மீனு நல்ல மீனுன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் போட்ட விக்கிறேன்? அம்மன் கோவிச்சுக்கிட்டான்னுல்ல இருந்தேன். ஆத்தாமேல பழியப் போட வச்சிட்டியே, நீ வெளக்கு வேற போடுற." நான் அழுதேன். அவள் அழவில்லை. "அழுவாத, கருவாடு நமுத்துப்போவும்" என்றாள். சிரிக்கவும் இல்லை.

பிறகு நோட்டைக் காட்டி, "எழுது" என்றாள். "எந்தத் தேதி போடட்டும்க்கா?" என்று கேட்டேன். "இன்னிக்குத் தேதிதான். இன்னிக்குத்தானே எழுதுற. பழைய தேதி போட்டா அதுவும் பொய்யி." பெட்டிப் படத்துக்குக் கீழே, அன்று பேசினதையெல்லாம், யார் யார் இருந்தார்கள், நான் ஏன் எழுதவில்லை என்பதையும் சேர்த்து எழுதி, வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் திருத்தினாள். நான் "அஞ்சலையின் மீனை யாரும் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தேன். "அஞ்சலையோட நல்ல மீனுன்னு போடு" என்றாள். போட்டேன். கீழே அவள் கையெழுத்துப் போட்டாள், நான் போட்டேன். அந்தப் பக்கத்தையும் அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார்.

கிளம்பும்போது வழக்கமாக என் பையில் ஒரு பொட்டலம் நெத்திலி போட்டுவிடுவாள், காசு கொடுத்தால் திட்டுவாள். நேற்றுத் தராசில் நிறுத்தாள். விலை சொன்னாள். முழு விலை. கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டாள். எனக்கு அது வலித்தது. ஆனால் அதுதான் சரி. எனக்கும் அவளுக்கும் நடுவே இப்போது உண்மையான விலை இருக்கிறது. மற்றது அம்மன் விட்ட வழி.

பாப்பா, சட்டத்தில் எனக்குத் தெரிந்தது நீ சொல்லித் தந்த ஒரு பக்கம்தான். அதில் சாப்பாட்டு மேசைக்கு விலக்கு இல்லை, நீதான் ராகம் போட்டு வாசித்தாய். அதனால் வியாழக்கிழமைவரை காத்திருக்காதே. கேட்டதைக் கேட்டபடி, மறப்பதற்கு முன்னால் எழுதிவைத்துக்கொள். நீ சிரித்ததையும் லேப்டாப்பை மூடியதையும் சேர்த்து எழுது, அதை விட்டால் மற்றதை யாரும் நம்ப மாட்டார்கள். நாளைக்கே உங்கள் வக்கீலிடம் போ. கூட்டத்தில் என்ன சொல்ல வேண்டும், யார் சொல்ல வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். அந்தச் சோதனை எதற்கு என்று எல்லோர் முன்னாலும் மறுபடி கேட்கப்பட வேண்டும், கோயம்புத்தூர்க்காரர் உட்கார்ந்திருக்கும்போது. காரணம் இருந்தால் சொல்லட்டும், எழுதிக்கொள். இல்லையென்றால் அந்த மினிட்ஸில் உன் கையெழுத்து இருக்கக் கூடாது. வேலைக்கு ஏதாவது வந்தால் வீட்டுக்கு வா. இப்போது வரும் கஷ்டம் நான்கு மாசத்தில் போய்விடும். பதினான்கு வருஷம் சுமப்பது எப்படியிருக்கும் என்று மட்டும் என்னைக் கேள்.

அந்தப் பிளக் நல்ல பிளக், அந்தக் குழு நல்ல குழு என்று நீ சொல்வாய். நம் பெட்டியும் நல்ல பெட்டிதான். அதனால்தான் சொல்கிறேன்.

உன் விஷயத்தையும் அஞ்சலை அக்காவிடம் சொன்னேன், பேர் ஊர் அதிகம் சொல்லாமல். சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான் பஸ்ஸுக்கு எழுந்த பிறகு கூப்பிட்டுக் கேட்டாள். "அந்தப் பூட்டு செய்யிற ஆளுக்கு யாராச்சும் சொன்னாங்களா?" "இன்னும் இல்லக்கா." அவள் தராசைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"அவரு எந்தக் கோயில்ல மொட்டை போட்டுக்கிட்டு நிக்கிறாரோ" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ. நான் விளக்கேற்றி வைத்திருப்பேன். முடிந்ததும் கூப்பிடு. என்ன ஆனாலும் முதலில் அதைச் சொல், சாப்பாட்டை நான் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா